தந்தி துருப் பிடிக்கலாமா?

நவராத்திரி நெருங்கிவிட்டது. பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்குகிறோம். செட்டியாருக்குத் தூசி தட்டுகிறோம். மரப்பாச்சித் தம்பதிக்குப் புதுத் துணி உடுத்துகிறோம். இந்தச் சந்தடியில், கூடத்து மூலையில் போர்வைக்குள் படுத்திருக்கும் வீணைக்கும் விமோசனம் கிடைக்கிறது. போர்வையை நீக்கிக் குடத்தைத் துடைத்து, யாளி முகத்துக்கு ஒரு பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். தந்தி இருக்கிறதா என்று பார்க்கிறோம். இருக்கிறது, ஏழும் இருக்கின்றன. அதோடு நம் கவலை தீர்ந்துவிடுகிறது!

ஆனால் அந்தத் தந்தி எந்த நிலையில் இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பத்து வயதுப் பெண்ணுக்கு விஜயதசமியன்று பாடம் ஆரம்பிக்கிறோம். பாட்டி வாசித்த வீணை வீட்டில் இருக்கும்போது புதிதாக வாங்குவானேன் என்று அதையே கொடுக்கிறோம். பதினைந்து நாள் கழித்துக் குழந்தை சொல்லுகிறாள்:

"அம்மா, விரல் எரியுது. என்னால முடியல்லே."

"ஆரம்பத்திலே எல்லாருக்கும் அப்படித்தான்டி கண்ணு. நாலு நாள் போனால் விரல் காய்ச்சுப் போய்விடும். சாதகம் பண்ணாமல் இருக்க இது ஒரு சாக்கா?"

அம்மா சொல்லுவதில் பாதி உண்மை. புது விரலுக்குத் தந்தி வலிக்கத்தான் செய்யும். ஆனால் பழகப் பழகக் குறைய வேண்டிய வலி, நாளுக்கு நாள் அதிகமானால் குற்றம் குழந்தையிடம் இல்லை. துருவேறிய தந்தி அரத்தைப் போன்றது. வீணையில் கமகம் பிடிக்கத் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அரத்தை அப்படி இழுத்தால் விரல் என்ன ஆகும்? மாதம் முடிவதற்குள் குழந்தை வீணையைக் கண்டாலே ஓட ஆரம்பிக்கிறாள். "இவளுக்குச் சங்கீதம் வராது" என்று நாமும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சில ரூபாய் பெறுமானமுள்ள ஒரு கம்பி, ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய வித்தையைத் தடுத்துவிடுகிறது. அதனால்தான் இந்த வாரம் தந்தியைப் பற்றி எழுதுகிறேன்.

ஏழு பேர் குடும்பம்

நம் வீணையில் வாசிக்கும் தந்திகள் நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று. முதல் இரண்டும் மெல்லிய உருக்குக் கம்பி. மந்தரமும் அனுமந்தரமும் கனமானவை. சில வீணைகளில் இவை பித்தளை. சிலவற்றில் உருக்குக் கம்பியின் மேல் மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிய சுற்றுக் கம்பி.

ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வியாதி. உருக்கு துருப் பிடிக்கும். பித்தளை கறுத்துப் பச்சைப் பூஞ்சணம் போலக் களிம்பு ஏறும். சுற்றுக் கம்பி வெளியே நன்றாகத் தெரியும். ஆனால் சுற்றின் இடுக்கில் அழுக்குச் சேர்ந்து நாதத்தை அமுக்கிவிடும். பல்லிடுக்கில் சிக்கிய சோறு மாதிரி. கண்ணாடியில் பார்த்தால் தெரியாது!

துரு எங்கிருந்து வருகிறது? இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. அதோடு உப்பும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. போதாக்குறைக்கு நம் விரல் வியர்வையிலும் உப்பு. ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு அப்படியே போர்வையைப் போட்டு மூடினால், தந்திக்கு உப்பில் ஊறுகாய் போட்டதாகத்தான் அர்த்தம்.

வீணைக்கென்று தனியாக இன்னொரு தொல்லையும் உண்டு. விரல் வழுக்கிச் செல்வதற்காக இடது கை விரல்களில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வது நம் வழக்கம். அது தவறல்ல, கமகத்துக்கு அவசியமும்கூட. ஆனால் அந்த எண்ணெயில் தூசி ஒட்டுகிறது. மெட்டும் தந்தியும் உராய்வதால் உதிரும் உலோகப் பொடியும் ஒட்டுகிறது. வாசித்து முடித்ததும் விரல் நுனி கறுப்பாக இருக்கிறதே, அது இந்தக் கலவைதான். விரலை நாம் சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறோம். தந்தியில் ஒட்டியதை யார் துடைப்பது?

இரண்டு நிமிஷ வேலை

செய்ய வேண்டியது மிகவும் சுலபம். வாசிப்பதற்கு முன் கையைக் கழுவி நன்றாக ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தயிர்ச் சாதமும் மாவடுவும் சாப்பிட்ட கையோடு குழந்தை வீணையில் உட்காரக் கூடாது.

வாசித்து முடித்ததும், நன்றாகத் துவைத்து மென்மையாகிப்போன பழைய வேஷ்டித் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புதுத் துணி வேண்டாம், கஞ்சி இருக்கும். துணியை மடித்து, தந்தியை மடிப்புக்குள் வைத்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் இலேசாகப் பிடித்து, குதிரையிலிருந்து மேரு வரையில் ஒரே இழுப்பாகத் துடைத்துக்கொண்டு போங்கள். நான்கு தந்திகளையும் தனித்தனியாகத் துடைக்க வேண்டும். மேல் பக்கத்தை மட்டும் துடைத்தால் பாதி வேலைதான். மெட்டில் படுவது தந்தியின் அடிப்பக்கம். அழுக்கும் அங்கேதான் அதிகம். தாளத் தந்திகளை மறந்துவிடாதீர்கள். அவற்றை அழுத்தி வாசிப்பதில்லை என்பதால் யாரும் அவற்றைத் துடைப்பதும் இல்லை. அதனாலேயே அவை சீக்கிரம் கறுத்துப்போகின்றன.

துடைக்கிற துணியை வாரம் ஒரு முறை துவைத்துப் போடுங்கள். நேற்றைய அழுக்கை இன்றைக்குத் திரும்பப் பூசுவதில் என்ன லாபம்?

செய்யக் கூடாதவை

பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்கிற உபசாரமெல்லாம் தந்திக்கு ஆகாது. புளியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், கடையில் விற்கும் பாலிஷ் திரவமும் வேண்டாம். புளியின் அமிலம் உலோகத்தை அரிக்கும். பாலிஷின் வெள்ளைப் பொடி சுற்றுக் கம்பியின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதை எடுக்க முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் துரு போகும், வாஸ்தவம். கூடவே கம்பியின் கனமும் போகும். ஓரிடத்தில் மெலிந்த கம்பி ஒருநாள் அங்கேயே அறுந்துவிடும்.

ஈரத் துணியும் கூடாது. தந்திக்கு மட்டும் அல்ல, வீணைக்கே கூடாது. மெட்டுகள் இருபத்துநான்கும் மெழுகின் மேல் பதிந்து நிற்பவை. மரம் பலா. இரண்டுக்கும் ஈரமும் பகை. அதிகச் சூடும் பகை.

இனி, சரஸ்வதி பூஜை விஷயம். சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. சந்தனத்தைக் கரைத்துத் தந்தியின் மேலும் மெட்டின் மேலும் அப்புகிறோம். நனைந்த பூச்சரத்தைத் தந்தியின் மேல் சுற்றுகிறோம். அன்று முழுதும் வீணையைத் தொடக் கூடாது என்பதால் அந்த ஈரம் ஒரு பகலும் ஓர் இரவும் அங்கேயே இருக்கிறது. மறுநாள் பார்த்தால் பொட்டு வைத்த இடத்திலெல்லாம் செம்புள்ளி! பொட்டைக் குடத்தின் மரப் பகுதியில் சிறியதாக வையுங்கள். பூச்சரத்தை யாளியின் கழுத்தில் போடுங்கள், அழகாகவும் இருக்கும். தந்தியை ஈரத்திலிருந்து காப்பாற்றுவதில் அபசாரம் ஒன்றும் இல்லை. கலைமகள் கையிலும் வீணைதானே இருக்கிறது?

தந்தியை எப்போது மாற்றுவது?

துடைத்தால் துரு வராமல் தடுக்கலாம். வந்த துருவைத் திரும்ப உருக்காக்க முடியாது. ஆகவே ஒரு கட்டத்தில் தந்தியை மாற்றத்தான் வேண்டும். "அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம்" என்பதுதான் அநேக வீடுகளின் சட்டம். அறுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே தந்தி செத்துப்போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க மூன்று பரீட்சைகள்.

முதலாவது, விரல் பரீட்சை. நகத்தைத் தந்தியின் அடிப்பக்கத்தில் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். சொரசொரப்போ, மெட்டுப் பட்ட இடத்தில் பள்ளமோ தட்டுப்பட்டால் மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாவது, காது பரீட்சை. மெட்டில் வைக்காமல் தந்தியை ஒரு முறை மீட்டிவிட்டுக் காத்திருங்கள். நல்ல தந்தி கணீரென்று ஆரம்பித்து நிதானமாகத் தேய்ந்து அடங்கும். செத்த தந்தி "டப்" என்று மண்பானையைத் தட்டினாற்போல் நின்றுவிடும்.

மூன்றாவது, சுருதிப் பரீட்சை. இதுதான் நிச்சயமானது. சாரணியைத் திறந்த நிலையில் ஸட்ஜத்துக்குச் சேர்த்துக்கொண்டு, பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி வாசியுங்கள். மேல் ஸட்ஜம் பேச வேண்டும். பேசாமல் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருந்தால் மற்றத் தந்திகளையும் அதே மெட்டில் சோதியுங்கள். அவை சரியாக இருந்து சாரணி மட்டும் பிசகினால் குற்றம் தந்தியில். எல்லாத் தந்திகளும் அதே இடத்தில் பிசகினால் மெட்டு நகர்ந்திருக்கிறது; மெழுகைச் சரிசெய்து மேளம் கட்டுகிறவரைத்தான் அழைக்க வேண்டும்.

துருப் பிடித்த தந்தி ஏன் பொய் சொல்லுகிறது? சுத்தமான தந்தி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கனமாக இருக்கும். அதனால் ஒழுங்காக அதிரும். அழுக்கு ஏறிய இடம் கனத்தும், தேய்ந்த இடம் மெலிந்தும் போனால், அதிர்வு கோணலாகிவிடுகிறது. பிருடையை எவ்வளவுதான் முறுக்கினாலும் அது சேராது. "சுருதி சேர்க்கத் தெரியவில்லை" என்று குழந்தையைத் திட்டுவதற்கு முன் இதைக் கவனியுங்கள்.

வீணை தனம்மாளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1867-ல் பிறந்து 1938-ல் மறைந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை வாசிப்பைக் கேட்கச் சங்கீத ரசிகர்கள் கூடுவார்கள். ஒலிபெருக்கி இல்லாமல் கேட்ட வாத்தியம் அது. அந்த மெல்லிய நாதம் செவியில் விழ வேண்டுமானால் தந்தி சுத்தமாகப் பேச வேண்டாமா?

மாற்றும் முறை

ஒரே சமயத்தில் எல்லாத் தந்திகளையும் கழற்றிவிடாதீர்கள். ஒன்றைக் கழற்றி அதன் இடத்தில் புதியதைப் போட்ட பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். குதிரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடித்திருப்பது தந்திகள்தான். எல்லாம் ஒரேயடியாகத் தளர்ந்தால் அது நகர்ந்துவிடும். பிடிலில் இது இன்னும் ஆபத்து. குதிரை விழுந்துவிடும், உள்ளே நிற்கும் சிறு மரக் குச்சியும் சாய்ந்துவிடும்.

பழைய தந்தியை முறுக்கேறிய நிலையில் கத்தரிக்காதீர்கள். பிருடையை மெதுவாகத் திருகி முழுவதும் தளர்த்திய பிறகே கழற்ற வேண்டும். முறுக்கேற்றும்போது முகத்தைத் தந்திக்கு நேராக வைக்காதீர்கள். குழந்தைகளையும் சற்று விலகி இருக்கச் சொல்லுங்கள். அறுந்து தெறிக்கும் கம்பி கண்ணைக் கூடப் பதம் பார்த்துவிடும்.

புதுத் தந்தியை லங்கரில் மாட்டி, மறுமுனையைப் பிருடையின் துவாரத்தில் கோத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் மூன்று நான்கு சுற்று வருமாறு முறுக்குங்கள். லங்கரின் வளையத்தை நடுவில் நிறுத்திக்கொண்டால் பிறகு ஏற்றவும் இறக்கவும் இடம் இருக்கும். பிருடை வழுக்கினால் கொஞ்சம் சாக்குக்கட்டித் தூளைத் தடவுங்கள். எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. புதுத் தந்தி இரண்டு நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். புது மருமகள் மாதிரி, பழக அவகாசம் கொடுக்க வேண்டும்!

அதிகம் உழைக்கிறவள் சாரணி; அடிக்கடி அறுகிறவளும் அவளே. ஆகவே சாரணிக் கம்பி இரண்டு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். காகிதத்தில் சுற்றி, எந்தத் தந்தி என்று மேலே எழுதி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கழற்றிய பழைய கம்பியையும் கத்தரித்த துண்டுகளையும் அப்படியே குப்பையில் எறியாதீர்கள். காகிதத்தில் சுருட்டிக் கட்டிப் போடுங்கள். குப்பை அள்ளுகிறவர் கையில் குத்தும். தெருவில் மேயும் மாடு சோற்றோடு கம்பியையும் விழுங்கிவிடும்.

மழை வருகிறது

நவராத்திரி முடிந்த கையோடு சென்னைக்கு மழைக்காலம் வந்துவிடும். வீணையை வெளிச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். சுவர் ஓதம் காக்கும். ஜன்னலுக்கு அடியிலும், அடுப்பங்கரை அருகிலும் வேண்டாம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணில் வைத்தால் கோடையில் மெழுகு இளகி மெட்டு நகரும். மூடுவதற்குப் பருத்திப் போர்வைதான் நல்லது. பிளாஸ்டிக் உறை உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. குளிர்சாதன அறையில் இருந்த வாத்தியத்தைச் சட்டென்று வெளியே கொண்டுவந்தால், குளிர்ந்த கம்பியின் மேல் பனித்துளி போல ஈரம் படியும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

சில மாதங்கள் வாசிக்க முடியாது என்று தெரிந்தால், தந்திகளைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தி வையுங்கள். அடியோடு தளர்த்த வேண்டாம். உருக்குத் தந்திகளின் மேல் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை ஓட்டி, உலர்ந்த துணியால் உடனே துடைத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் நின்று காப்பாற்றும். சுற்றுக் கம்பிக்கு இந்த வைத்தியம் கூடாது. எண்ணெய் உள்ளே இறங்கினால் ஊமையாகிவிடும்.

பிள்ளையின் கிதார்

"எங்கள் வீட்டில் வீணை இல்லை, பையன் கிதார்தான் கற்றுக்கொள்கிறான்" என்று சொல்லும் சகோதரிகளுக்கும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

கிதாரில் இரண்டு ஜாதி. ஒன்று உருக்குத் தந்தி போட்டது. மற்றொன்று நைலான் தந்தி போட்டது. நைலான் கிதாருக்கு முன்பெல்லாம் ஆட்டுக் குடலிலிருந்து செய்த நரம்புதான். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அது கிடைப்பது அரிதாயிற்று. காயங்களைத் தைக்க அந்த நரம்பு தேவைப்பட்டது. 1940-களில் நியூயார்க்கில் கிதார் செய்துவந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் தந்தி செய்து பார்த்தார். ஸ்பெயின் தேசத்து மேதை ஆந்த்ரே செகோவியா அதை ஏற்றுக்கொண்டு வாசித்தார். அதிலிருந்து நைலான் நிலைத்துவிட்டது.

நைலான் துருப் பிடிக்காது. அதன் கனத்த மூன்று தந்திகளில் மட்டும் உலோகச் சுற்று உண்டு, அது கறுக்கும். உருக்குத் தந்திதான் துருப் பிடிக்கும். "அறுந்துபோயிற்றே, கடையில் கிடைத்ததை வாங்கிப் போடலாம்" என்று நைலான் கிதாரில் உருக்குத் தந்தியைப் போட்டுவிடாதீர்கள்! நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 40 கிலோ. உருக்குத் தந்திகள் இழுப்பது சுமார் 70 கிலோ. அந்தப் பாரத்துக்காகச் செய்யப்படாத கிதாரில் குதிரை பெயர்ந்து வரும், கழுத்தும் வளைந்துவிடும். கடைக்குப் போகும்போது பழைய தந்தியையும் கையோடு கொண்டுபோவது உத்தமம்.

தந்தியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்தால் புதிதாகிவிடும் என்று பையன் சொல்லக்கூடும். கனத்த தந்தி போட்ட பேஸ் கிதார்க்காரர்கள் அப்படிச் செய்வது உண்டு. பிசுக்குப் போய்க் கொஞ்ச நாள் கணீரென்று கேட்கும். ஆனால் துரு போகாது. ஈரம் கொஞ்சம் தங்கினாலும் புதுத் துரு வரும். கழற்றி மாட்டும்போது வளைந்த இடத்தில் அறுந்தும் போகலாம். பால் காய்ச்சுகிற பாத்திரத்தைத் தந்திக்குக் கடன் கொடுக்காதீர்கள்! தினமும் துடைக்கச் சொல்லுங்கள். கிதார்ப் பெட்டிக்குள், மாத்திரைப் புட்டிகளிலும் செருப்புப் பெட்டிகளிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் இரண்டைப் போட்டு வைக்கலாம். சின்னக் குழந்தைகள் கையில் மட்டும் அது கிடைக்கக் கூடாது.

கடைசியாக ஒரு வார்த்தை. நம்மில் பலர் கல்யாணத்துக்கு முன் வீணை கற்றுக்கொண்டவர்கள். பெண் பார்க்க வந்த அன்று வாசித்ததோடு சரி. பிறகு சமையல், குழந்தை, உத்தியோகம், ஒரு தந்தி அறுந்தது, அதை மாற்ற நேரம் இல்லை, அப்புறம் இன்னொன்று. "விட்டுப் போயிற்று" என்கிறோம். விரல் மறந்துவிடவில்லை, சகோதரிகளே. தந்திதான் பேச முடியாமல் கிடக்கிறது. இந்த வாரம் ஒரு சாரணிக் கம்பி வாங்கி வாருங்கள். விஜயதசமியன்று குழந்தைக்குப் பாடம் ஆரம்பிக்கும்போது, அவளுக்கு முன்னால் நீங்கள் ஒரு சரளி வரிசை வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த வாரம், மழைக்காலத்தில் பட்டுப் புடவைகளைப் பாதுகாப்பது பற்றிப் பார்ப்போம்.